கச்சேரிக்கு ஒரு லேடர், நாட்டியத்துக்கு ஒரு லேடர்: செம்பூர் சபா ஒன்றின் டிரான்ஸ்கோடிங் அமைப்பு

மும்பை செம்பூரில் ஒரு தமிழ் சபா. மாதம் ஒன்றிரண்டு கச்சேரி, அவ்வப்போது பரதநாட்டியம், பொங்கலை ஒட்டி ஒரு பட்டிமன்றம். எல்லாவற்றையும் பதிவு செய்து, தங்கள் சொந்த இணையதளத்தில் உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டுகிறார்கள். யூடியூபில் போட்டுவிட்டால் வேலை மிச்சம்தான். ஆனால் பாடுகிறவர்களில் பலர் ‘சபாக்காரர்கள் பார்க்கட்டும், ஊருக்கெல்லாம் வேண்டாம்’ என்று சொல்லித்தான் பதிவுக்கே சம்மதிக்கிறார்கள். ஆகவே பதிவை இணையத்தில் ஓடும்படி பல அளவுகளில் சுருக்கி மாற்றும் வேலை, அதாவது டிரான்ஸ்கோடிங் தலைவலி முழுவதும் சபாவுடையது. எனக்கு ஸ்ட்ரீமிங்தான் தொழில் என்பதால் அந்தத் தலைவலி என்னிடம் வந்தது. என்ன செட்டிங் வைத்தோம், ஏன் வைத்தோம் என்பதை விவரமாக எழுதி வைக்கிறேன்.

முன்பு இருந்த அமைப்பு இது. எந்த நிகழ்ச்சியானாலும் ஒரே லேடர். லேடர் என்பது ஒரே படத்தைப் பல பிட்ரேட்டுகளில் வைத்திருக்கும் படிவரிசை; நெட் வேகத்துக்குத் தகுந்தபடி பிளேயர் படி ஏறும், இறங்கும். வீடியோவைச் சிறு துண்டுகளாக அனுப்பும் ஹெச்எல்எஸ் முறைக்கான தன் வழிகாட்டியில், ஹெச்.264 என்ற கோடெக்குக்கு (வீடியோவைச் சுருக்கும் முறை) ஆப்பிள் கொடுத்திருக்கும் மாதிரி அட்டவணை அப்படியே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. 145 கேபிபிஎஸ்ஸில் (நொடிக்கு 145 கிலோபிட்) தொடங்கி 365, 730, 1100, 2000, 3000, 4500, 6000 என்று ஏறி 7800-இல் முடியும் ஒன்பது படிகள். அட்டவணையில் குறையில்லை. இவை ஆரம்ப மதிப்புகள்தான், உங்கள் படத்தை வைத்துச் சோதித்துப் பாருங்கள் என்று ஆப்பிளே சொல்கிறது. சோதித்துப் பார்ப்பதுதான் விட்டுப்போயிருந்தது.

புகார்கள் இரண்டு திசையிலிருந்து வந்தன. மாட்டுங்காவில் இருக்கும் மூத்த உறுப்பினர் ஒருவர் செயலாளருக்குப் போன் செய்து சொன்னது: “கச்சேரி நன்னா இருந்தது. வர்ணம் கேட்டேன், ரெண்டு கிருதி கேட்டேன். ராகம் தானம் பல்லவி ஆரம்பிக்கறதுக்குள்ள இன்னிக்கு டேட்டா தீர்ந்துடுத்துன்னு மெசேஜ் வந்துடுத்து.” தாராவியில் நாட்டியம் கற்கும் பெண்ணின் அண்ணன், சபாவில் ஒலிபெருக்கி வேலைக்கு வரும் பையன், வேறொன்று சொன்னான்: “அண்ணே, ஜதி வர்ற இடத்துல காலே தெரிய மாட்டேங்குது. கைவிரலெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா இருக்கு.”

ஒருவருக்குத் தேவைக்கு மேல் பிட் போகிறது, இன்னொருவருக்குப் போதவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒரே லேடர். ஆக வேலையின் பாதை அங்கேயே தெளிவாகிவிட்டது: நிகழ்ச்சியின் வகைக்குத் தகுந்தபடி லேடரைப் பிரிக்க வேண்டும். இது புது யோசனை ஒன்றுமில்லை. ஒவ்வொரு படத்துக்கும் தனி லேடர் என்பதை நெட்ஃபிளிக்ஸ் 2015 டிசம்பரிலேயே விளக்கி எழுதிவிட்டது. அவர்களுக்கு ஆயிரக்கணக்கான தலைப்புகள். நமக்கு மூன்று வகைதான், கையாலேயே செய்யலாம்.

டேட்டா கணக்கு

தரம் பற்றிப் பேசும் குறிப்புகள் பெரும்பாலும் சிஆர்எஃப் எண்ணில் தொடங்கும். எவ்வளவு தரம் வேண்டும் என்று என்கோடரிடம் (வீடியோவைச் சுருக்கும் மென்பொருள்) சொல்லும் எண் அது. நாங்கள் ரீசார்ஜ் பேக்கில் தொடங்கினோம். உறுப்பினர்களில் பலரிடம் இருப்பது ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தரும் பேக். 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு ஒரு மெகாபிட்) என்றால் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி. இரண்டரை மணி நேரக் கச்சேரியை 3 எம்பிபிஎஸ்ஸில் பார்த்தால் 3.4 ஜிபி. மாட்டுங்கா மாமாவின் டேட்டா பல்லவிக்கு முன் தீர்ந்ததில் ஆச்சரியமே இல்லை. 1.5 ஜிபியை இரண்டரை மணி நேரத்துக்குப் பரப்பினால் சுமார் 1.33 எம்பிபிஎஸ் வருகிறது. ஆடியோவுக்கு 128 கேபிபிஎஸ் ஒதுக்கி, வாட்ஸ்அப்புக்கும் கொஞ்சம் விட்டால், கச்சேரியின் 720பி (720 வரி உயரமுள்ள) படம் 1 எம்பிபிஎஸ்ஸுக்குள் அடங்க வேண்டும். இதுதான் எங்களுக்கு வரம்பு. அதற்குள் எவ்வளவு நன்றாகக் காட்ட முடியும் என்பதுதான் கேள்வி.

ஃபோனில் எவ்வளவு போதும் என்பதற்கு நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் 2019 ஜூலையில் இந்தியாவுக்கென்று கொண்டுவந்த 199 ரூபாய் மொபைல் திட்டம் 480பிதான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, மொபைல் நெட்வொர்க்கில் 480பிக்கு மேல் போவதில்லை என்று பெரிய தளங்களே கொஞ்ச நாள் ஒத்துக்கொண்டன. அதற்காக யாரும் படம் பார்ப்பதை நிறுத்திவிடவில்லை.

கச்சேரி: திரைச்சீலைதான் சிக்கல்

கச்சேரி மேடை என்கோடருக்குச் சுலபமான காட்சி. கேமரா ஸ்டாண்டில் நிற்கிறது. பாடுகிறவரின் கை அசைகிறது, வில் அசைகிறது, மிருதங்கக்காரரின் விரல்கள் அசைகின்றன. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. முந்தைய பிரேமிலிருந்து எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அப்படியிருந்தும் முதல் சோதனையில் பிட்ரேட் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது.

காரணம் பின்னால் தொங்கும் கருஞ்சிவப்புத் திரைச்சீலை. அரங்கில் வெளிச்சம் குறைவு என்பதால் கேமராவில் கெயினை ஏற்றியிருந்தார்கள். இருட்டான துணி முழுக்க நுண்ணிய இரைச்சல் புள்ளிகள். ஒவ்வொரு பிரேமிலும் அவை புதிதாக வருவதால் என்கோடரால் ஊகிக்க முடியாது. பாடகருக்குப் போக வேண்டிய பிட்கள் துணிக்குப் போய்க்கொண்டிருந்தன.

சரி, இரைச்சலை நீக்கிவிடலாம் என்று, வீடியோவை மாற்றும் கருவியான எஃப்எஃப்எம்பெக்கின் ஹெச்க்யூடிஎன்3டி ஃபில்டரை நன்றாக ஏற்றிப் பார்த்தால் பிட்ரேட் மளமளவென்று இறங்கியது. ஆனால் திரையில் விளக்கு விழும் இடத்தைச் சுற்றி வளையம் வளையமாகப் பட்டைகள் தோன்றின. 8 பிட் படத்தில் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போகும் நிறச்சரிவுக்கு நிலைகள் குறைவு. அந்தக் குறையை அதுவரை மறைத்துக்கொண்டிருந்ததே இரைச்சல்தான். கூடவே வயலின் வாசித்த அம்மாவின் பட்டுப்புடவையில் இருந்த பொடிக்கட்டம் காணாமல் போய், புடவை ஒரே பரப்பாகிவிட்டது. செயலாளர் அதைப் பார்த்துவிட்டு, “புடவையை மாத்திட்டீங்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு பலமான இரைச்சல் நீக்கத்தைக் கைவிட்டோம்.

கடைசியில் மிக லேசான இரைச்சல் நீக்கம். அதுவும் பிரேமுக்குப் பிரேம் பார்க்கும் பகுதிக்கு மட்டும். ஒரே பிரேமுக்குள் மழுங்கடிக்கும் பகுதியை அணைத்துவிட்டோம். எக்ஸ்264 என்ற ஹெச்.264 என்கோடரில் ஏக்யூ மோடை 3-க்கு மாற்றினோம். இருட்டான பகுதிகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக பிட் கொடுக்கும் முறை அது; பட்டைகள் அடங்கின. சிஆர்எஃப் 22, மெதுவாக ஆனால் சிக்கனமாகச் சுருக்கும் ‘ஸ்லோ’ ப்ரீசெட். சிஆர்எஃப் 0 முதல் 51 வரை போகும், சொல்லாவிட்டால் 23. ஆறு எண் ஏற்றினால் பிட்ரேட் ஏறக்குறைய பாதியாகும், ஆறு இறக்கினால் இரட்டிப்பாகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் சோதனைகளின் எண்ணிக்கை குறையும்.

கீஃப்ரேம், அதாவது முந்தைய பிரேமைச் சாராமல் முழுதாக வரும் பிரேம், விஷயத்தில் வழிகாட்டியை மீறினோம். இரண்டு நொடிக்கு ஒன்று இருக்க வேண்டும் என்கிறது ஆப்பிள். அசையாத மேடையில் பிட்களின் பெரும்பங்கு கீஃப்ரேமுக்கே போகிறது. அத்துடன் குறைந்த படிகளில் இரண்டு நொடிக்கு ஒரு முறை திரைச்சீலை ‘துடிப்பது’ கண்ணுக்குத் தெரிகிறது. ஹெச்எல்எஸ்ஸில் நாங்கள் அனுப்பும் துண்டு ஒவ்வொன்றும் 6 நொடி. பிளேயர் படி மாறுவதே துண்டின் எல்லையில்தான் என்பதால் கீஃப்ரேமையும் 6 நொடியாக்கினோம். ஓட்டிப் பார்க்கும்போது நினைத்த இடத்தில் சரியாக நிற்காது. ஆலாபனையை நொடி பிசகாமல் ஓட்டிப் பார்ப்பவர் யாருமில்லை. காட்சி மாற்றத்தில் தானாகக் கீஃப்ரேம் போடும் வசதியை அணைத்து, எல்லாப் படிகளிலும் ஒரே இடத்தில் கீஃப்ரேம் விழும்படி பார்த்துக்கொண்டோம். இதை விட்டால் படி மாறும்போது படம் தத்தும்.

ஒன்பது படிகள் நான்காகக் குறைந்தன. 1080பி சுமார் 1800 கேபிபிஎஸ், 720பி 950, 540பி 550, 360பி 280. 720பியில் முழுக் கச்சேரியும் ஆடியோவோடு 1.2 ஜிபி. சர்வர் பக்கமும் பாருங்கள்: பழைய லேடரின் எல்லாப் படிகளையும் கூட்டினால் ஒரு கச்சேரிக்கு ஏறத்தாழ 29 ஜிபி. இப்போது 4.2. சபாவின் பொருளாளருக்குப் பிடித்த எண் இதுதான்.

பட்டிமன்றத்துக்கும் கிட்டத்தட்ட இதே செட்டிங்தான். நடுவர் ஜோக் அடித்ததும் கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பும். நூறு முகம், நூறு கைதட்டல். அந்த நேரத்துக்கு உச்ச பிட்ரேட்டை மட்டும் கொஞ்சம் உயர்த்தி வைத்தோம்.

நாட்டியம்: பிக்சலா, பிரேமா?

சீப்புப் பல் கோடுகளுக்குக் காரணம் கேமராவிலேயே இருந்தது. அது 1080, 50ஐ. அதாவது நொடிக்கு 50 அரைப் படங்கள், ஒற்றை வரிகள் ஒரு முறை, இரட்டை வரிகள் மறு முறை. இரண்டுக்கும் நடுவே ஐம்பதில் ஒரு பங்கு நொடி. அசையாத பாடகரிடம் இது தெரியாது. முத்திரை பிடித்துக் கையை வீசும் பெண்ணிடம், அந்த இடைவெளியில் விரல் வேறிடத்துக்குப் போயிருக்கும். அரைப் படங்களை முழுப் படமாக்காமல் (டீஇன்டர்லேஸ் செய்யாமல்) என்கோட் செய்ததால் 1080பியில் சீப்பு தெரிந்தது. அதையே 720-க்குச் சுருக்கியபோது வரிகள் ஒன்றோடொன்று குழைந்து கால் இரட்டையாக, ஆவி மாதிரி தெரிந்தது. போதாததற்கு அந்தப் போலிக் கோடுகளுக்கும் பிட் செலவாகும்.

டீஇன்டர்லேஸ் செய்யும் பிடபிள்யூடிஐஎஃப் ஃபில்டர் போட்டால் தீர்ந்தது. இதில் ஒரு தேர்வு இருக்கிறது. இரண்டு அரைப் படத்தைச் சேர்த்து நொடிக்கு 25 பிரேம் ஆக்கலாம். அல்லது ஒவ்வொரு அரைப் படத்தையும் முழுப் படமாக்கி 50 பிரேம் எடுக்கலாம். கச்சேரிக்கு 25 போதும். நாட்டியத்துக்கு? முதல் காலத்தைவிட நான்கு மடங்கு வேகம் மூன்றாம் காலம். அதில் அடவு பிடிக்கும்போது ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 25 பிரேமில் கிடைப்பது சில படங்கள்தான். பாதம் தூக்கியதா, குதிகால் ஊன்றியதா என்பது அந்தச் சில படங்களுக்கு நடுவே நழுவிவிடும்.

50 பிரேம் என்றால் பிட்ரேட் இரட்டிப்பாகும் என்று பலர் நினைப்பதுண்டு. ஆகாது, அடுத்தடுத்த பிரேம்களுக்கு நடுவே மாற்றம் குறைவதால் ஒவ்வொன்றும் சிறுத்துவிடும். ஆனாலும் ஏறத்தான் செய்யும். ஆகவே டேட்டா வரம்புக்குள் இரண்டில் ஒன்றைத்தான் வைக்க முடியும்: 720பியில் 25 பிரேம், அல்லது 540பியில் 50 பிரேம். ஒரே ஜதியை இரண்டு விதமாகவும் என்கோட் செய்து, எது எது என்று சொல்லாமல், நாட்டிய ஆசிரியையிடம் ஃபோனில் காட்டினோம். முதலாவதைப் பார்த்து, “முகம் நல்லா இருக்கு” என்றார். இரண்டாவதைப் பார்த்ததும் ஃபோனைக் கையில் வாங்கி, அதையே திரும்ப ஓட்டி, “தம்பி, இதுல பாருங்க, அரைமண்டி உட்காராம ஏமாத்தறா. இதையே வைங்க” என்றார். இரண்டாவது 540பி, 50 பிரேம்.

மாணவியின் நிலைமை என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. லேடர் முடிவானது: 540பி50 சுமார் 1500 கேபிபிஎஸ், 720பி50 3000, டிவியில் பார்ப்பவர்களுக்கு 1080பி50 5500, அடியில் 360பி மட்டும் 25 பிரேம். 540பி50-இல் இரண்டு மணி நேர மார்க்கம் (முழு நாட்டிய நிகழ்ச்சி) 1.47 ஜிபி, வரம்புக்குள் மயிரிழையில் அடங்குகிறது. சிஆர்எஃப் 21, அதற்கு மேல் உச்ச வரம்பு. வரம்பில்லாத சிஆர்எஃப் தில்லானாவில் எங்கேயோ எகிறிவிடும். உச்சம் சராசரியைப் போல் இரு மடங்கைத் தாண்ட வேண்டாம் என்ற ஆப்பிளின் விதியை இங்கே மதித்து, ஒன்றரை மடங்கில் நிறுத்தினோம். இரைச்சல் நீக்கம் இங்கே அறவே கிடையாது. வேகமாக அசையும் கையை அது இழுத்து வால் வைத்துவிடும். கீஃப்ரேம் இரண்டு நொடிக்கு ஒன்று. கற்றுக்கொள்கிறவர்கள் ஓட்டி நிறுத்தி ஓட்டி நிறுத்திப் பார்ப்பார்கள்.

விமாஃப் பார்க்காத சிவப்பு

இத்தனை முடிவுகளுக்கும் அளவுகோலாக வைத்தது விமாஃப். நெட்ஃபிளிக்ஸ் 2016-இல் திறந்த மூலமாகக் கொடுத்த கருவி. மூலப் படத்தோடு ஒப்பிட்டு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடும். ஏறத்தாழ 6 மதிப்பெண் வித்தியாசம் இருந்தால்தான் பார்க்கிறவர்களுக்கு வேறுபாடு புலப்படும். ஆகவே 94-ஐ 95 ஆக்கப் பிட்டைக் கொட்டுவது வீண். ஒவ்வொரு வகையிலும் கடினமான பகுதிகளை ஒரு நிமிடத் துண்டாக வெட்டி, சில சிஆர்எஃப், சில ரெசல்யூஷன் என்று என்கோட் செய்து, எந்த பிட்ரேட்டுக்குக் கீழே 720பியைவிட 540பி நன்றாக இருக்கிறது என்று கோடு போட்டுப் பார்த்தோம்.

சராசரி மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நாட்டியப் பதிவு ஒன்றில் சராசரி அழகாக இருந்தது. நீல விளக்கு மங்கி மஞ்சள் ஏறும் சில நொடிகளில் மட்டும் மதிப்பெண் குப்புற விழுந்திருந்தது. எல்லாப் பிக்சலும் ஒரே நேரத்தில் மாறுவதால் வெளிச்ச மாற்றம் என்கோடருக்குக் கடினம். ஆகவே மிகக் குறைந்த ஒரு சதவீதப் பிரேம்களின் மதிப்பெண்ணைத் தனியாக எடுத்துப் பார்ப்பதை வழக்கமாக்கினோம்.

விமாஃபுக்கே தெரியாத குறை வேறொன்று. தேவி உருப்படியில் மேடை முழுக்க சிவப்பு விளக்கு. மதிப்பெண் நன்றாகவே இருந்தது. படத்தில் ஆடுபவரின் முகம் சிவப்புக் கட்டிகளாக இருந்தது. விமாஃப் வெளிச்ச அளவை மட்டும் பார்க்கிறது, நிறத்தைப் பார்ப்பதில்லை. 4:2:0 முறையில் நிறத் தகவல் நீளத்திலும் அகலத்திலும் பாதிதான். சிவப்பு விளக்கில் முகத்தின் விவரமெல்லாம் அந்தப் பாதித் தகவலுக்குள்தான் இருக்கிறது. குரோமா க்யூபி ஆஃப்செட்டை மைனஸ் 2 ஆக்கி நிறத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்ததும் கண்ணும் புருவமும் திரும்ப வந்தன. இந்த மாதிரிக் குறையைக் கண்டுபிடிக்கக் கண்ணைத் தவிர வேறு கருவி எங்களிடம் இல்லை. நிறம் பற்றிய பேச்சில் இதையும் சொல்லிவிடுகிறேன்: ஹெச்டி படத்தைச் சுருக்கும்போது ஹெச்டிக்கான நிறத் தரமான பிடி.709 என்ற குறிப்பைக் கோப்பில் எழுதாவிட்டால், சில பிளேயர்கள் சின்னப் படத்தைப் பழைய பிடி.601 என்று எண்ணிக்கொள்ளும். நிறம் லேசாகத் திரியும்.

காது முதலில்

கச்சேரிக்கு வருகிறவர்கள் கேட்க வருகிறார்கள். பழைய லேடரில் கீழ்ப் படிகளுக்கு 48 கேபிபிஎஸ் ஹெச்இ-ஏஏசி, மேல் படிகளுக்கு 96 ஏஏசி; இரண்டும் ஒலியைச் சுருக்கும் முறைகள். ஹெச்இ முறை உயர்ந்த அதிர்வெண்களை முழுதாக அனுப்பாது. தாழ்ந்தவற்றை நகலெடுத்து மேலே ஒட்டிவிடும். பேச்சுக்குப் பரவாயில்லை. தம்புராவின் ரீங்காரத்தில் அந்த ஒட்டு கேட்டுவிடும். நெட் ஏறி இறங்கும்போதெல்லாம் ஆடியோவும் படி மாறும் என்பதால் ராகம் பாடிக்கொண்டிருக்கையில் சுருதியின் குணமே மாறியது போல் இருக்கும்.

ஹெச்எல்எஸ்ஸில் ஆடியோவைத் தனியாகப் பிரித்து வைக்கலாம். ஏஏசி 128 கேபிபிஎஸ், எல்லாப் படிக்கும் அதே ஒன்று. படம் 360பிக்கு இறங்கினாலும் பாட்டு மாறாது. படமே வேண்டாம் என்றால் ஆடியோ மட்டும் ஓடும் ஒரு பொத்தானும் உண்டு. முழுக் கச்சேரியும் 144 எம்பி. சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே கேட்கிற மாமிகள் அதைத்தான் அழுத்துகிறார்கள்.

எடுக்காத வழிகள்

ஏவி1 வைத்தால் இன்னும் மிச்சம் பிடிக்கலாமே என்று அந்த ஒலிபெருக்கிப் பையன் கேட்டான். 2018-இல் வந்த கோடெக், ராயல்டி இல்லை, தரமும் நன்று. ஆனால் உறுப்பினர்களிடம் இருக்கும் பழைய ஃபோன்களில் அதற்கான ஹார்ட்வேர் இல்லை. மென்பொருளில் டீகோட் செய்தால் இரண்டரை மணி நேரத்தில் பேட்டரியைத் தின்றுவிடும். ஹெச்.264-க்கு அடுத்து வந்த ஹெச்இவிசியை எல்லா பிரவுசரும் எல்லாக் கருவியிலும் ஓட்டுவதில்லை. 2003-இல் வந்த ஹெச்.264 ஓடாத கருவியை சபாவில் யாரிடமும் பார்க்கவில்லை.

கிராஃபிக்ஸ் கார்டில் என்கோட் செய்தால் சீக்கிரம் முடியும் என்பதும் உண்மை. நேரலைக்கு அதுவே சரி. நமக்கோ ஒரு முறை என்கோட் செய்து பலமுறை பார்க்கிற பதிவு. இரவு முழுக்க ஸ்லோ ப்ரீசெட்டில் ஓடட்டும். அதே தரத்துக்கு பிட் குறையும்.

எல்லாம் மாற்றிய பிறகும் ஹார்பர் லைனில் கச்சேரி மங்கலாகவே வருகிறது என்றான் பையன். செம்பூரில் ஏறி, குர்லா தாண்டி வடாலா வரை 360பியை விட்டு மேலே ஏறவே இல்லையாம். படங்களில் குறையில்லை. எந்தப் படிக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்று பிளேயருக்குச் சொல்வது பிளேலிஸ்ட். அதை எழுதும் ஸ்கிரிப்ட் இன்னும் பழைய எண்களைப் போட்டுக்கொண்டிருந்தது: 950 கேபிபிஎஸ்ஸில் இருக்கும் 720பிக்கு ‘3000 வேண்டும்’ என்று எழுதியிருந்தால் பிளேயர் எப்படி ஏறும்? என்கோட் முடிந்ததும் ஒவ்வொரு துண்டின் உண்மையான அளவைக் கூட்டி, உச்சத்தையும் சராசரியையும் அதிலிருந்தே எழுதும்படி மாற்றினோம். மறுநாள் குர்லாவுக்கு முன்பே 720பி வந்துவிட்டது.

அடுத்து அலமாரியில் கிடக்கும் மினிடிவி கேசட்டுகள். 720க்கு 576, 25 எம்பிபிஎஸ், இதுவும் அரைப் படங்களாக வரும் இன்டர்லேஸ். பிக்சல்கள் சதுரமாக இல்லாததால் 768க்கு 576 ஆக்கினால்தான் பாடகர் ஒல்லியாகாமல் இருப்பார். ஹெச்டியாகப் பெரிதாக்கித் தரச் சொல்லிக் கோரிக்கை வந்திருக்கிறது, செய்யப்போவதில்லை. இல்லாத விவரத்துக்கு டேட்டா கட்ட வேண்டாம். 576 வரியில் ஒரு படி, 360-இல் ஒரு படி; ஆடியோவை மட்டும் 160 கேபிபிஎஸ்ஸுக்கு உயர்த்துகிறோம். டேப்பில் ஒலி நன்றாகவே இருக்கிறது.